சமூகம் எழுதிய மென்பொருளை வைத்து கம்பெனி தொடங்கலாமா?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. பள்ளிகளில் வருகைப்பதிவு, கட்டணம், மதிப்பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு திறந்த மூல மென்பொருள், அதாவது கோடை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். ஆறு வருடமாக இருபது பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். பலர் வெளியூர், சிலர் வெளிநாடு. உரிமம் ஜி.பி.எல்., அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் மாற்றி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். முதல் வரியை எழுதியவர் இவர். இப்போது சில பள்ளிகள் "காசு தருகிறோம், பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்" என்கின்றன. இரண்டு நண்பர்களோடு கம்பெனி தொடங்கலாமா, தொடங்கினால் மற்ற பதினேழு பேரும் விலகிப் போய்விடுவார்களா என்று கேட்கிறார்.

தொடங்கலாம். தொடங்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கட்டணம் கட்டும் வாரத்தில் மென்பொருள் நின்றுபோனால், பள்ளித் தாளாளர் பொதுக் குழுவில் கேள்வி போட்டுவிட்டு யாராவது பதில் சொல்வார்கள் என்று காத்திருக்க மாட்டார். போனை எடுக்க ஒருவர், பில் கொடுக்க ஒரு பெயர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு நிறுவனம் அவருக்கு வேண்டும். அது இல்லாததால்தான் பல நல்ல மென்பொருள்கள் ஆர்வலர்களைத் தாண்டிப் போவதில்லை. ஆகவே காசு வாங்குவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஜி.பி.எல். உரிமமே காசு வாங்குவதைத் தடுக்கவில்லை.

ஆனால் கம்பெனியைப் பதிவு செய்யப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எது யாருடையது என்று உட்கார்ந்து எழுதுங்கள். கோடை யார் பயன்படுத்தலாம் என்பதில் குழப்பமில்லை, உரிமம் அதைச் சொல்லிவிடுகிறது. மென்பொருளின் பெயர், டொமைன் என்கிற இணைய முகவரி, சர்வர் கடவுச்சொற்கள், புது வெளியீட்டை அறிவிக்கும் அதிகாரம், இவை யாருடையவை? இப்போது எல்லாமே உங்கள் பெயரில் இருக்கும். யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் நீங்கள் அவர்களில் ஒருவர். கம்பெனி தொடங்கிய மறுநாள் அதே பொருள்கள் ஒரு கம்பெனி முதலாளியின் கையில் இருக்கும். நீங்கள் மாறாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணில் நிலைமை மாறிவிடுகிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கோஹா. நம்மூர்க் கல்லூரி நூலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பட்டியல் போடுவது எல்லாம் செய்யும் மென்பொருள். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சின்ன வட்டாரத்தின் நூலக அறக்கட்டளைக்கு 1999-ல் ஒரு சிக்கல் வந்தது. கையில் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது. புதிதாக வாங்கப் போதிய பணமில்லை. கட்டிபோ என்ற உள்ளூர் நிறுவனத்திடம் எழுதித் தரச் சொன்னார்கள். 2000 ஜனவரி முதல் வாரத்திலேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. எழுதியதை ஜி.பி.எல். உரிமத்தில் உலகத்துக்கே கொடுத்தார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. சும்மா கொடுத்துவிட்டுப் போவதல்ல, வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம்மூர் மொய் மாதிரி. மொய் நோட்டில் எழுதி வைப்பது கடனுக்காக மட்டுமல்ல, உறவு அறுந்துவிடாமல் இருக்கவும்தான். திறந்த மூல மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.

2005-ல் அமெரிக்காவில் லிப்லைம் என்ற கம்பெனி கோஹாவுக்குச் சப்போர்ட் தரத் தொடங்கியது. அவர்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெரிய நூலகங்கள் கோஹாவை நம்பி வந்ததில் அவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. 2007-ல் கட்டிபோவின் கோஹா தொழிலை விலைக்கு வாங்கினார்கள். அதோடு கோஹாவின் டொமைனும் கைமாறியது. அப்போது யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. 2009-ல் லிப்லைம் தன் வாடிக்கையாளர்களுக்கென்று தனி கோஹா ஒன்றை அறிவித்தது. இத்தனை வருடம் கூட வேலை பார்த்தவர்களுக்கு அது தனிக்குடித்தனம் போவதாகப் பட்டது. 2010-ல் லிப்லைமை பி.டி.எஃப்.எஸ். என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. பழைய இணைய முகவரி தங்கள் கைக்கு வராததால், சமூகம் புதிய முகவரி ஒன்றைத் தொடங்கி எல்லாவற்றையும் அங்கே நகர்த்தியது. அப்புறம் 2011 நவம்பரில் இன்னொரு செய்தி. "கோஹா" என்ற பெயரை நியூசிலாந்தில் வணிகச் சின்னமாகப் பதிய அந்த நிறுவனத்தின் விண்ணப்பம் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அந்தச் சொல் பிறந்த நாட்டில், அந்த மென்பொருளை முதலில் பயன்படுத்திய நூலகம் தன் மென்பொருளின் பெயருக்காக வழக்காட வேண்டி வந்தது. ஒரு சின்ன ஊர் நூலகம் வக்கீல் செலவுக்கு உலகத்திடம் உதவி கேட்டது. கடைசியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆனால் இடையில் போன வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

இதில் யாரையும் வில்லனாக்க நான் இதைச் சொல்லவில்லை. டொமைன் கம்பெனியின் சொத்தாக இருந்தால், கம்பெனியை விற்கும்போது அதுவும் சேர்ந்து போகும். வாங்குபவர் காசு கொடுத்து வாங்கியதை எதற்கு விடுவார்? நீங்கள் நல்லவராக இருக்கலாம், உங்கள் கம்பெனியைப் பத்து வருடம் கழித்து வாங்கப்போகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியாது.

இன்னொன்று இன்னும் சமீபத்தியது, உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. கிட்டீ என்று கோட் சேமித்து வைக்கும் மென்பொருள். 2016-ல் காக்ஸ் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது, எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கிறது என்ற குறையால்தான் பிரிந்தார்கள். அதனால் தங்களுக்குள் தேர்தல் வைத்துப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2022 அக்டோபரில் ஒரு அறிவிப்பு வந்தது: கிட்டீக்காக ஒரு கம்பெனி தொடங்கப்பட்டிருக்கிறது, டொமைனும் வணிகச் சின்னமும் அந்தக் கம்பெனிக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. தொடங்கியவர்கள் திட்டத்துக்காக வருடக்கணக்கில் உழைத்தவர்கள்தான். கம்பெனி என்பதற்காகப் பலரும் கோபப்படவில்லை. மாற்றி முடித்த பிறகு சொன்னார்களே என்பதுதான் ஆறவில்லை. சில நாட்களில் ஒரு திறந்த மடல் வந்தது, சொத்துகளை லாப நோக்கில்லாத அமைப்பிடம் கொடுங்கள் என்று. அது நடக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே ஃபோர்ஜேயோ என்ற பெயரில் ஒரு பகுதியினர் பிரிந்து, பெர்லினில் உள்ள கோட்பெர்க் என்ற சங்கத்தின் குடையின்கீழ் போனார்கள். இன்று இரண்டும் தனித்தனி மென்பொருள்கள்.

ஆகவே, சொல்லும் வரிசை முக்கியம். முதலில் பதினேழு பேரிடமும் பேச்சு, அப்புறம் பொதுச் சொத்தைப் பிரித்து வைப்பது, அதற்கப்புறம்தான் கம்பெனிப் பதிவு. தலைகீழாகச் செய்துவிட்டு எவ்வளவு நயமாக விளக்கினாலும் எடுபடாது.

பொதுச் சொத்தை எங்கே வைப்பது? இந்தியாவில் கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாப நோக்கில்லாத நிறுவனம் பதியலாம். ஆனால் வருடா வருடம் கணக்கு, தணிக்கை, கூட்டக் குறிப்பு என்று வேலை வரும். வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவும் வேண்டும். இருபது பேர் திட்டத்துக்கு அது தலைச்சுமை. ஏற்கெனவே இருக்கும் குடை அமைப்பு ஒன்றில் சேர்வது எளிது. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக 1997-ல் உருவான சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட், கிட், இங்க்ஸ்கேப் போன்ற திறந்த மூல மென்பொருள்களைத் தாங்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி போன்றவை அமெரிக்காவில் இருக்கின்றன. வரும் நன்கொடையில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொண்டு, திட்டத்தின் பெயரையும் பணத்தையும் பாதுகாக்கும். அதற்கும் நேரமாகும் என்றால், தற்காலிகமாக டொமைனை உங்களோடு கம்பெனியில் சேராத இரண்டு பேரும் உள்ளே நுழைந்து நிர்வகிக்க முடியும்படி மாற்றுங்கள். சர்வர் சாவிகளும் அப்படியே. இன்று ராத்திரியே செய்துவிடக்கூடிய வேலை அது.

கம்பெனிக்கு வேறு பெயர் வையுங்கள். மென்பொருளின் பெயரையே கம்பெனிக்கும் வைத்தால், நாளைக்கு மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இன்னொருவர் அதே மென்பொருளுக்குச் சப்போர்ட் தரத் தொடங்கும்போது, அவர் போலி மாதிரியும் நீங்கள் அசல் மாதிரியும் ஆகிவிடும். அது உங்களுக்கு லாபம்போலத் தெரியும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது கம்பெனி வருவதுதான் உங்கள் மென்பொருளுக்கு ஆயுசு. கோஹா பிழைத்ததே அப்படித்தான். பிரான்சில் பிப்லிப்ர், அமெரிக்காவில் பைவாட்டர், நியூசிலாந்தில் கேட்டலிஸ்ட் என்று பல கம்பெனிகள் இருந்ததால், ஒன்று விலகியபோது மற்றவை தாங்கிக்கொண்டன. இணையதளம் கட்ட உதவும் ட்ரூபல் மென்பொருளை உருவாக்கிய ட்ரீஸ் பாய்டார்ட் 2007-ல் கம்பெனி தொடங்கியபோது ஆக்வியா என்று தனிப் பெயர் வைத்தார். ட்ரூபலின் இணையதளத்தை நடத்துவது கம்பெனி அல்ல, ட்ரூபல் சங்கம். வணிகச் சின்னம் மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அந்த ஒன்றை நீங்கள் பின்பற்ற வேண்டாம் என்பேன். அவரால் அதைப் பொறுப்பாக வைத்திருக்க முடிகிறது, ஆனால் ஒரு மனிதரின் நல்ல குணத்தை நம்பி ஒரு ஏற்பாட்டைக் கட்டக் கூடாது.

இணையதளம் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் என்ன நடந்தது என்று பார்த்திருப்பீர்கள். 2010-ல் பெயரை ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தார்கள், எல்லோரும் பாராட்டினோம். ஆனால் அந்தப் பெயரை வணிகத்தில் பயன்படுத்தும் உரிமை, வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக்கின் ஆட்டோமாட்டிக் கம்பெனிக்கே திரும்பப் போனது, செருகுநிரல்கள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) எல்லாம் இறங்கும் தளம் அவருடைய சொந்தப் பொறுப்பிலேயே இருந்தது. 2024 செப்டம்பரில் போட்டிக் கம்பெனியோடு தகராறு வந்தபோது, அந்தக் கம்பெனி தளத்துக்குள் நுழைய முடியாமல் துண்டிக்கப்பட்டது. அதை நம்பி இணையதளம் நடத்திய சம்பந்தமில்லாத மக்கள் புதுப்பிப்பு வராமல் தவித்தார்கள். காகிதத்தில் அறக்கட்டளை இருந்தால் போதாது, சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சரி, அடுத்தது யார் முடிவெடுப்பது. இதில்தான் நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் நாலு பேர் கொண்டது. ஒரு திறந்த மூல மென்பொருளுக்கு நான் பராமரிப்பாளர்களில் ஒருவன். எங்கள் ஆட்கள் அனுப்பும் மாற்றங்களை நானே பார்த்து அன்றைக்கே சேர்த்துவிடுவேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், சந்தேகம் இருந்தால் திரும்பிக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு கல்லூரி ஆசிரியர், பல வருடமாகத் தமிழ் வரிசைப்படுத்தலில் உள்ள பிழைகளைத் தேடித் தேடித் திருத்திக் கொடுப்பவர், ஒரு மாற்றம் அனுப்பியிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி நாலு மாதம் ஆகிவிட்டது. ஒருநாள் வேறொரு பிழை பற்றி அவரிடம் உதவி கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "இதுக்கு உங்க ஆபீஸ்லயே ஆள் இருப்பாங்களே சார்." கோபம்கூட இல்லை அந்த வரியில். அதுதான் எனக்கு வலித்தது. போய் வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆட்களின் மாற்றங்கள் சராசரியாக ஒரு நாளுக்குள், வெளியாட்களுடையவை வாரக்கணக்கில். யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. ஆனால் தேநீர் இடைவேளையில் பேசி முடிவெடுத்துவிடும் பழக்கம் மெல்ல மெல்ல மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

கோஹா சமூகத்தில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மாற்றம் எழுதிப் பிழைப்பதிவில் இணைப்பார். அது "கையொப்பம் தேவை" என்ற நிலையில் நிற்கும். இன்னொருவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, வேலை செய்கிறது என்று தன் பெயரைப் போடுவார். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை, நூலகரே செய்யலாம். அப்புறம் மூன்றாவதாகத் தரச் சோதனைக் குழுவிலிருந்து ஒருவர் பார்ப்பார். கடைசியில் வெளியீட்டு மேலாளர் சேர்ப்பார். எழுதியவர், கையொப்பமிட்டவர், தரம் பார்த்தவர் எல்லோரும் ஒரே கம்பெனியாக இருக்கக் கூடாது என்பது எதிர்பார்ப்பு. வெளியீட்டு மேலாளர் யார் என்பதையும் ஒவ்வொரு ஆறு மாதச் சுற்றுக்கும் சமூகமே தேர்ந்தெடுக்கிறது. மெதுவான வழிதான். ஆனால் எந்த ஒரு கம்பெனியும் மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒன்றை உள்ளே நுழைத்துவிட முடியாது, மற்றவர்களும் அந்தக் கம்பெனிகளைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளிலும் இதே கவனம் உண்டு. மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனிக்காரர்கள் இருக்கக் கூடாது என்று ஒரு வழக்கம். 2020-ல் ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கியதால் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள். உடனே வெளிப்படையாக அறிவித்து, வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்து ஏழாக்கிக்கொண்டார்கள். சண்டை எதுவும் வரவில்லை. உங்கள் மூன்று பேருக்கு இப்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சேர்க்கும் அதிகாரம் உள்ளவர்கள் நாலு பேர், அதில் மூன்று பேர் கம்பெனிக்காரர்கள் என்றால், முதல் நாளே இன்னும் இரண்டு மூன்று பேருக்கு அதிகாரம் கொடுங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பார்ப்போம். பள்ளி மென்பொருளுக்கு வழி தெளிவாகவே இருக்கிறது: சர்வரில் ஏற்றி நடத்தித் தருவது, பழைய எக்செல் தாள்களிலிருந்து தரவை மாற்றித் தருவது, அலுவலக ஊழியர்களுக்குப் பயிற்சி, ஆண்டுச் சப்போர்ட் ஒப்பந்தம். இதில் நடத்தித் தருவதுதான் மாதாமாதம் வரும் வருமானம். தரவு மாற்றத்தை யாரும் மதிக்க மாட்டார்கள், ஆனால் அதில்தான் அதிக நாள் போகும். விலை சொல்லும்போது அதை இலவச இணைப்பாகக் கொடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாவது வழி, கேட்ட வசதியை எழுதித் தருவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பள்ளி பேருந்துக் கட்டணப் பகுதி வேண்டும் என்று கேட்கும். பத்து நாள் வேலை என்று பில் போடுவீர்கள். பத்தாம் நாள் பள்ளியில் ஓடும். ஆனால் பொது மென்பொருளில் சேர்ந்திருக்காது. மற்றவர்கள் பார்க்க வேண்டும், திருத்தச் சொல்வார்கள், சோதனை எழுத வேண்டும், ஆவணம் எழுத வேண்டும். அதற்குக் காசு வாங்காததால் அதைச் செய்ய மாட்டீர்கள். அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி. இரண்டு வருடத்தில் பத்துப் பள்ளிக்குப் பத்து விதமான மென்பொருள் உங்கள் கையில் இருக்கும். ஒவ்வொரு புது வெளியீட்டின்போதும் பத்தையும் கையால் ஒட்டித் தைக்க வேண்டும். லிப்லைம் மாதிரி அறிவித்துப் பிரியாமலே பிரிந்து போயிருப்பீர்கள். ஆகவே பத்து நாள் வேலைக்கு இருபது நாள் விலை சொல்லுங்கள். பொதுவில் சேர்ப்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். "சேர்ந்துவிட்டால் அடுத்த முறை மேம்படுத்தும்போது உங்களுக்குத் தனிச் செலவில்லை" என்று சொன்னால் தாளாளர்களுக்குப் புரிகிறது. ஒரு வசதியைப் பல நூலகங்கள் பங்கு போட்டுச் செலவு செய்து எழுத வைப்பது கோஹாவில் சாதாரணம். பள்ளிகளுக்கும் அது ஒத்துவரும்.

சில வசதிகளை மூடி வைத்து விற்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றும். உங்கள் விஷயத்தில் அந்தக் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிட்டது, அது நல்லதுதான். இருபது பேரும் எழுதியதன் பதிப்புரிமை அவரவருடையது. அத்தனை பேரும் சம்மதிக்காமல் உரிமத்தை மாற்ற முடியாது. பதிப்புரிமையை எழுதி வாங்கும் ஒப்பந்தம் போடச் சொல்லி யாராவது ஆலோசனை சொல்வார்கள், வேண்டாம். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளக் கம்பெனி அப்படி இரட்டை உரிமத்தில் (எல்லோருக்கும் ஜி.பி.எல்., காசு கொடுப்பவர்களுக்குத் தனி வணிக உரிமம்) சம்பாதித்தது உண்மை, ஆனால் அதன் கோடை எழுதியவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஊழியர்களே. பங்களிப்பவர்களிடம் கூடுதல் உரிமை வாங்கி வைத்திருந்த எலாஸ்டிக் என்ற கம்பெனி 2021-ல் தன் மென்பொருளின் உரிமத்தைக் கட்டுப்பாடான ஒன்றாக மாற்றியது, ஹாஷிகார்ப் என்ற இன்னொரு கம்பெனி 2023-ல் மாற்றியது. இரண்டு முறையும் ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு என்று போட்டிக் கிளைகள் முளைத்தன. கோட் சேமிக்கும் மென்பொருள் தரும் கிட்லேப் கம்பெனி 2017-ல் எதிர்த்திசையில் போனது. டெபியன், குனோம் ஆகிய திறந்த மூலத் திட்டங்கள் தயங்கியதைக் கேட்டு, அந்த ஒப்பந்தத்தை எடுத்துவிட்டு, "இது நான் எழுதியது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரிச் சான்று போதும் என்று மாற்றியது. நீங்களும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளி முதலீடு இப்போது வேண்டாம். முதல் இரண்டு வருடம் பள்ளிகளின் பணத்தில் மூன்று பேர் சம்பளம் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், நாலாவதாக எடுக்கும் ஆள் அந்தப் பதினேழு பேரில் ஒருவராக இருக்கட்டும்.

இனி அந்த அறிவிப்புக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கம்பெனி எதற்கு, அதில் யார் யார், பெயரும் டொமைனும் எங்கே போகின்றன, கம்பெனிக்காரர்களின் மாற்றத்தை வெளியாள் ஒருவர் பார்க்காமல் சேர்க்க மாட்டோம் என்ற உறுதி, எதை விற்கப் போகிறீர்கள், எதை ஒருபோதும் விற்க மாட்டீர்கள். கீழே "இன்னும் எதுவும் பதிவு செய்யவில்லை, ஒரு மாதம் காத்திருக்கிறோம், மாற்றச் சொல்வதைச் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள், எழுதியபடியே காத்திருங்கள். பொதுவில் போடுவதற்கு முன்னால் வரைவை ஒரே ஒருவருக்குக் காட்டுங்கள். அந்தப் பதினேழு பேரில் உங்களிடம் மிகக் கறாராகப் பேசுபவர் யாரோ, அவருக்கு. மின்னஞ்சலில் வேண்டாம், போன் போட்டுப் பேசுங்கள்.